டெக் உயிர் பெறவில்லையா? உடனே எடைக்குப் போடாதீர்கள்

மூன்று மாதமாக எங்கள் இரவுப் பாடசாலையின் பெஞ்சு மேல் ஒரு வீடியோ டெக் மூடி கழற்றிய நிலையில் கிடந்தது. வந்துபோன தோழர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உலகமே போனுக்குள்ள வந்துடுச்சு. இந்தப் பழைய இரும்ப வச்சிகினு இன்னா பண்றீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. உங்கள் காலனியிலும் பரண்மேல் இப்படி ஒரு டெக்கும் சாக்குப்பையில் நாலு கேசட்டும் கிடக்கலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

இன்றைய கல்லூரித் தோழர்களில் பலர் டெக்கைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். அரை அங்குல அகலக் காந்த நாடாவில் படத்தையும் ஒலியையும் பதிந்து, திரும்ப டி.வி.யில் போட்டுக் காட்டும் பெட்டி அது. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் கொண்டுவந்த வி.எச்.எஸ். முறைதான் நம் தெருக்கள் வரை வந்து சேர்ந்தது. வி.சி.ஆர். என்று நம் பக்கம் யாரும் சொன்னதில்லை. டெக்தான். திருவிழா, காதுகுத்து, கருமாதி என்று எது வந்தாலும் டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். ஊர்த் தெருவில் போட்டால் நம் பிள்ளைகள் எங்கே வரை வந்து உட்காரலாம் என்பதற்கு யாரும் வரையாத ஒரு கோடு இருந்தது. அதனாலேயே, வீட்டுக்கு ஐந்து ரூபாய் வசூல் செய்து காலனிக்கென்று தனியாக டெக் எடுத்த அன்றைய இளைஞர்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள்.

இப்போது கேசட் கதைக்கு வருவோம். வாலாஜாபாத்தை ஒட்டிய எங்கள் காலனியில் அம்பேத்கர் மன்றத்தின் பழைய கட்டடத்தை இடித்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே பதினான்கு வி.எச்.எஸ். கேசட். சிலவற்றின்மேல் கல்யாணத் தேதி. மூன்றின்மேல் "ஏப்ரல் 14". ஒன்றில் "நைட் ஸ்கூல்". இன்னொன்றின் முதுகில் நீல மையில், "நெலம். ஆயா பேச்சு. 95" என்று எழுதியிருந்தது.

அந்த ஆயா யார் என்று எங்கள் தெருவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டவர். ஏரிக்குக் கீழே நம் ஆட்களுக்கு இருந்த நிலம் எது, எதுவரை, யார் கையில் எப்படிப் போனது என்று வரப்பு வரப்பாக நினைவு வைத்திருந்த கடைசி மனுஷி. "ஆயா இருந்தா சொல்லியிருக்கும்" என்பது எங்கள் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற வாக்கியம். ஆயா சொல்லித்தான் வைத்திருக்கிறார், நாம்தான் கேட்கவில்லை என்பது அந்தத் தகரப் பெட்டியைத் திறந்த அன்றுதான் தெரிந்தது.

95 என்ற ஆண்டு ஏன் முக்கியம் என்பதை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாலாஜாபாத் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தாலும், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மண். அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பத்து ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் இருந்தது, நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. நூறு ஆண்டு கழித்து, இதே மாவட்டத்தின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். அதற்குப் பிறகுதான் பல காலனிகளில் "நம்ம நெலம் எது?" என்ற கேள்வி சத்தமாக எழுந்தது. எங்கள் மன்றத்து அண்ணன்மார்கள் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரை அரை நாள் வாடகைக்கு அழைத்துவந்து ஆயாவை நிலத்தில் நடக்கவைத்துப் படம் எடுத்தது அந்தச் சூட்டில்தான்.

கேசட் இருக்கிறது. போட்டுப் பார்க்க டெக் வேண்டும். தெருவில் ஒரே ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டு அண்ணன் 90களின் தொடக்கத்தில் சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்தது. பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டோம். விளக்கு இல்லை, சத்தம் இல்லை. காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்த்தார். "செத்துப்போச்சு. எடைக்குப் போட்டுடுங்க" என்றார். மூடியைக்கூடக் கழற்றவில்லை.

இந்தப் பதில் நமக்குப் பழகிய பதில். மனு கொடுத்தால் "ரெக்கார்டு இல்ல" என்பார்கள், எந்த ரெக்கார்டைப் பிரித்துப் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள். பிரித்துப் பார்க்காமல் சொல்லும் முடிவை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதை நிலப் பிரச்சினையில் கற்றுக்கொண்டோம். டெக்குக்கும் அதையே பொருத்திப் பார்த்தோம், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்தவர். படித்த வேலைக்கு ஊரில் கடை வைக்க முடியவில்லை. வீட்டுக்குள் வந்து டி.வி.யைத் தொட்டுப் பழுது பார்க்க எல்லா வீடும் விடாது என்பது காரணங்களில் ஒன்று. இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, தூங்கி எழுந்து, சாயங்காலம் பாடசாலைக்கு வந்தார். டெக்கைத் தொடவே இல்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"கடைசியா ஓடுனத யாரு பாத்தது?"

அந்த வீட்டு அண்ணி சொன்னார்: "2012ல கரண்டு போய்ப் போய் வந்துச்சே, அப்போ. அதுவரைக்கும் கெடியாரம் எரிஞ்சிகினே இருக்கும். ஒருநாள் கரண்டு போச்சு. வந்தப்புறம் கெடியாரம் வரல."

"அப்போ பாதி வேல முடிஞ்சிது" என்றார் அண்ணன்.

எப்படி என்று பிறகு சொல்கிறோம். முதலில் அவர் எங்களுக்குப் பாடமாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம். "ஆன் ஆகல" என்பது ஒரே வியாதி இல்லை, மூன்று வியாதி.

முதல் வகையில் முன்பக்கக் கடிகாரம் எரியும், பவர் பட்டனை அழுத்தினால் மட்டும் அசையாது. பெரும்பாலும் டெக் நன்றாகத்தான் இருக்கும். டைமர் ரெக்கார்டிங் போட்டு வைத்தால் பல டெக்குகள் பவர் பட்டனுக்குக் கட்டுப்படாது. கடிகாரப் படம் போட்ட சின்ன விளக்கு எரிகிறதா என்று பார்த்து, டைமர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் சரியாகிவிடும். மழைக்காலத்தில் ஈரம் கோத்துக்கொண்டாலும் சில டெக்குகள் ஓட மறுக்கும். உள்ளே ஈரத்தை அறியும் ஒரு சென்சார் இருக்கும், உலர்ந்த இடத்தில் சில மணி நேரம் விட்டுவைத்தால் போதும். இது தெரியாமல் எடைக்குப் போன டெக்குகளும் இருக்கும்.

இரண்டாவது வகை, ஆன் ஆகும், மூன்று நொடியில் தானே அணைந்துவிடும். இதில் மின்சாரம் வருகிறது, உள்ளே இருக்கும் பல்சக்கரம், ரப்பர் பெல்ட் பக்கம் தகராறு. டெக் கேசட்டை உள்ளே இழுத்து, நாடாவை வெளியே எடுத்து, சுழலும் உருளையைச் சுற்றிவைக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் அது நடக்கவில்லை என்றால், நாடா அறுந்துவிடக் கூடாது என்று டெக் தன்னையே அணைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வகைதான் எங்களுடையது. கடிகாரமும் இல்லை, ஒரு 'கிளிக்' சத்தமும் இல்லை. இதை வெளியிலிருந்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

சுவரில் உள்ள பாயிண்ட்டை முதலில் பார்த்தோம். டெஸ்டர் எரிந்தது. அண்ணன் நம்பவில்லை. டெஸ்டர் பேஸ் ஒயரை மட்டும்தான் காட்டும், நியூட்ரல் அறுந்திருந்தாலும் எரியும். ஒரு குண்டு பல்பைப் போட்டுப் பார்த்தால்தான் உறுதி. பல்பு எரிந்தது, பாயிண்ட் சரி. அடுத்தது ஒயர். டெக்கின் பின்னால் கழற்றி மாட்டும் ஒயர், பழைய டேப் ரெக்கார்டர் ஒயரும் அதே மாதிரிதான். மாற்றிப் போட்டோம், மாற்றம் இல்லை. இனி மூடியைக் கழற்ற வேண்டும்.

இந்த இடத்தில் நிறுத்திக் கவனமாகப் படியுங்கள். டெக்கின் சப்ளைப் பகுதி வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றி ஒரு பெரிய கெபாசிட்டரில் சேமிக்கும். அதன் இரு முனைகளுக்கு இடையே சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்லப் போதுமான சக்தி அது. அண்ணன் பிளக்கைப் பிடுங்கிக் காத்திருந்து, ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரு ஒயர்களையும் அந்த முனைகளில் வைத்து மிச்ச மின்சாரத்தை இறக்கினார். மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகே கை வைத்தார். வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் சப்ளைப் பகுதியைத் தொட வேண்டாம். வீரம் காட்டும் இடம் இது இல்லை.

உள்ளே ஃபியூஸைப் பார்த்தால், யாரோ எப்போதோ அதன்மேல் ஒற்றைச் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டிருந்தார்கள். நம் வீடுகளில் எல்லோரும் செய்கிற வேலைதான். ஃபியூஸ் என்பது அளவுக்கு மேல் கரண்ட் வந்தால் தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றும் காவல். அதைக் கம்பியால் கட்டிப்போட்டால் அடுத்து எரிவது டெக், அதற்கடுத்தது வீடு. கம்பியை எடுத்துவிட்டு அதே அளவு புது ஃபியூஸ் போட்டோம். உடனே மின்சாரம் கொடுக்கவில்லை. 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் இணைத்துக் கொடுத்தோம். பழைய மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்பு முறை இது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் பல்பு ஒருமுறை மின்னி அணைந்தது. ஷார்ட் இல்லை. பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கிறது. அதற்கு அப்பால், 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வர வேண்டிய இடங்களில், ஒன்றும் இல்லை.

அண்ணன் எதிர்பார்த்தது இதைத்தான். டெக்கை நாம் பவர் பட்டனில் அணைத்தாலும் கடிகாரத்துக்காக அதன் சப்ளை இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே சூடான உலோகத் தகட்டின் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சின்னக் கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருக்கும் ஈரப்பசை ஆண்டுக்கணக்கான சூட்டில் காய்ந்துபோகும். ஓடிக்கொண்டிருக்கும் சப்ளை, காய்ந்த கெபாசிட்டரோடும் எப்படியோ ஓடிவிடும். நின்றுபோனால் மறுபடி கிளம்ப ஓர் உந்துதல் தேவை, அதைக் கொடுக்க அந்தக் காய்ந்த கெபாசிட்டரால் முடியாது. அதனால்தான் கரண்ட் போய் வந்த அன்று டெக் "செத்தது". அண்ணி சொன்ன ஒரு வாக்கியத்தில் விடை இருந்தது. கடையில் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், அதே அளவில், 105 டிகிரி சூடு தாங்கும் கெபாசிட்டர்கள் நான்கு வாங்கி வந்தோம். ஒன்றின் விலை ஒரு டீக்குக்கூட வராது. பிளஸ் டூ படிக்கும் எங்கள் பாடசாலைப் பெண் ஒருத்தி சால்டரிங் அயனை முதன்முதலாகப் பிடித்தாள். "மைனஸ் கோடு எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாத்துக்கோ பாப்பா, மாத்திப் போட்டா வெடிக்கும்" என்று அண்ணன் ஒருமுறைதான் சொன்னார். அவள் பழையதைக் கழற்றும் முன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். எந்தப் பழுது வேலைக்கும் இது நல்ல பழக்கம்.

மறுபடி சீரிஸ் பல்பு. மறுபடி ஸ்விட்ச். பச்சை நிறத்தில் கடிகாரம் மினுக்க ஆரம்பித்தது. பத்து ஆண்டுக்கு மேல் அண்ணன் ஐ.டி.ஐ. சான்றிதழைப் பீரோவில் வைத்திருக்கிறார். அன்று தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அதோடு முடியவில்லை. ஆன் ஆன டெக் மூன்று நொடியில் அணைந்தது. முதல் வியாதி தீர்ந்த பிறகுதான் அடுத்தது வெளியே வரும். கேசட்டை உள்ளே இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. பெல்ட் மாற்றி, நாடா ஓடும் பாதையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தோம். படத்தைப் படிக்கும் தலை, சுழலும் உருளையில் மயிரிழை போல ஒட்டியிருக்கும். பஞ்சால் மேலும் கீழும் தேய்த்தால் உடைந்துவிடும். நனைத்த காகிதத்தை உருளைமேல் அசையாமல் வைத்துக்கொண்டு உருளையைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பிறகு, போனால் போகட்டும் என்ற ஒரு பழைய சினிமா கேசட்டைத்தான் முதலில் போட்டோம். பழுது பார்த்த டெக்கில் முதல் கேசட்டாக ஆயாவைப் போடக் கூடாது.

பதினான்கு கேசட்டுகளில் ஐந்தில் நாடா ஓரம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அவற்றைப் போடவில்லை. போட்டால் பூஞ்சை டெக்குக்குள் பரவி மற்றக் கேசட்டுகளையும் கெடுக்கும், நாடாவும் ஒட்டிக் கிழியும். காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் தனியாக வைத்திருக்கிறோம். மற்றவற்றில் முதுகுப் பக்கத்துச் சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்தோம். அது இல்லாவிட்டால் டெக் அந்தக் கேசட்டில் பதிய மறுக்கும். தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. டெக்கின் மஞ்சள், வெள்ளை ஒயர்களை ஒரு யு.எஸ்.பி. கேப்ச்சர் கருவி வழியாக லேப்டாப்பில் சொருகி, முதல் ஓட்டத்திலேயே நகல் எடுத்தோம். பழைய நாடா இரண்டாம் முறை ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆயா வந்தார். முதல் பத்து நிமிடம் கோடு கோடாக, டிராக்கிங்கைத் திருகித் திருகிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு படம் நின்றது. ஏரிக்கரைமேல், வெயிலில், கையில் குச்சியோடு, கேமராவைச் சட்டை செய்யாமல் முன்னால் நடக்கிறார். மதகைக் காட்டுகிறார். பனை இருந்த இடத்தைக் காட்டுகிறார். பின்னால் ஒரு இளைஞன் குரல் கேட்கிறது: "ஆயா, பேப்பரு ஏதாவது கீதா?" ஆயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேப்பரு அவங்கிட்ட கீது. காலு எங்கிட்ட கீது. நடந்து காட்றேன், வா."

நாற்பது நிமிடம் நடக்கிறார். நடுவில் அந்த வயலுக்கு ஒரு பெயர் சொல்கிறார். அந்தப் பெயர் இன்றைய கணினிப் பட்டா எதிலும் இல்லை. எங்களில் யாரும் கேட்டதும் இல்லை. விவகாரம் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லும் மதகு இருக்கும் திசையும் கிடைத்த பிறகு, எந்தப் பக்கத்துப் புல எண்களுக்குப் பழைய 'ஏ' பதிவேட்டின் நகல் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். இதற்கு முன் போட்ட மனுக்களில் "எங்கள் நிலம்" என்று மட்டும் எழுதியிருந்தோம். இந்த மனுவில் எல்லை எழுதியிருக்கிறோம். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பது வந்த பிறகு தெரியும். கேசட் பட்டா ஆகாது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அது காட்டும்.

"நைட் ஸ்கூல்" கேசட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாந்தர் வெளிச்சத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று தன் பெயரையும் எந்தத் தறியில் வேலை என்பதையும் சொல்கிறார்கள். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒருபக்கக் கரைக்கு நாடா எறிய நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் குழந்தையின் கை. அப்பா வாங்கிய முன்பணத்துக்காக உட்காரவைத்த கை. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அந்த அறிக்கையை நாங்கள் படித்திருக்கிறோம். ஆனால் எங்கள் தெரு அக்கா ஒருவர் திரையில் தன்னை ஒன்பது வயதில் பார்த்து, "முன்பணம் எட்நூறு ரூபான்னு நானே சொல்றேன் பாரு" என்று சொன்னபோது அறை அமைதியாகிவிட்டது. தன் மகளுக்குக் காட்ட அந்தத் துண்டை மட்டும் போனில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பதிவு செய்கிற கருவி யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில் 17 பேர் தாமிரபரணியில் இறந்தார்கள். அன்றைய வீடியோப் பதிவுகளும் ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படமும் இல்லாமல் இருந்திருந்தால், தண்ணீரில் தவறி விழுந்தார்கள் என்ற கதைதான் மிஞ்சியிருக்கும். தெலங்கானாவின் ஜகீராபாத் அருகே பஸ்தாபூரில் தலித் பெண் விவசாயிகள் 1990களின் இறுதியில் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். பலர் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். கேமரா கோணங்களுக்கு அவர்களே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்த்தால் 'பட்டேல் ஷாட்', ஏனென்றால் நிலக்கிழார் அப்படித்தான் பார்ப்பான். கீழிருந்து மேலே பார்த்தால் 'அடிமை ஷாட்'. கண்ணுக்கு நேர் கண்ணாகப் பார்த்தால் 'சங்கம் ஷாட்'. ஆயாவை எடுத்த கல்யாண வீடியோக்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. ஆனாலும் ஆயாவோடு வரப்பில் இறங்கி அவர் தோள் உயரத்திலேயே நடந்திருக்கிறார்.

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நகல் எடுத்தாயிற்று என்று மூலக் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்க, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவும் சான்றிதழ் கேட்கின்றன. மூலம் கையில் இருந்தால் நிற்க ஓர் இடம் இருக்கும். யார், எப்போது, எந்தக் கருவியில் நகல் எடுத்தார்கள் என்பதை அன்றே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். இன்னொன்று: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவின் 10ஆம் உட்பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. வழக்குக்குப் போகும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

காலம் அதிகம் இல்லை. வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி புது டெக் வராது, இருப்பதைப் பழுது பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். காந்த நாடாவில் இருப்பதை 2025க்குள் நகலெடுக்காவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போகலாம் என்று யுனெஸ்கோவும் ஒலி, காட்சி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் 2019இலேயே எச்சரித்தன. பெரிய காப்பகங்களுக்கே அந்த நிலைமை. நம் மன்றங்களின் தகரப் பெட்டிக்கு எந்தக் காப்பகமும் வரப் போவதில்லை.

அதனால் ஒரு வேலை கொடுக்கிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலனியில் மூத்த வீடுகளுக்குப் போய்ப் பரணைப் பாருங்கள். கல்யாணக் கேசட் என்று எழுதியிருந்தாலும் ஒதுக்காதீர்கள். மொய் எழுதும் இடத்திலும் பந்தியிலும் இன்று இல்லாத முகங்கள், இடிந்துபோன வீடுகள், பறிபோன பொது இடங்கள் எல்லாம் இருக்கும். கேசட்டுகளை நிமிர்த்தி, வெயில் படாமல், ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். டெக் கிடைத்து ஓடவில்லை என்றால், முதலில் வீட்டுப் பெண்களிடம் அது கடைசியாக எப்படி நின்றது என்று கேளுங்கள். பிறகு பாயிண்ட், ஒயர், டைமர், ஃபியூஸ் என்று வரிசையாகப் போங்கள். அதற்கு மேல் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு காலனியிலும் படித்த வேலை செய்ய வாய்ப்பில்லாமல் ஐ.டி.ஐ. சான்றிதழைப் பீரோவில் வைத்திருக்கும் அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். அவர்களை உட்காரவைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

எங்கள் டெக்கை இரவல் தருவதில்லை. ஆனால் கேசட்டோடு வாலாஜாபாத் வந்தால் போட்டு நகல் எடுத்துத் தருகிறோம். ரயிலில் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள், அண்ணனின் ஷிஃப்ட் பார்த்துச் சொல்கிறோம். பூஞ்சை பிடித்த ஐந்து கேசட்டுகளைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். அதில் ஒன்றின்மேல் "ஏப்ரல் 14, 91" என்று இருக்கிறது. அண்ணலின் நூற்றாண்டு அன்று எங்கள் தெரு எப்படி இருந்தது என்பதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

ஜெய்பீம்.